அந்தி மண்டலம் படைத்த செர்லிங்

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் பொங்கல் விழாவிற்கென்று நான் ஒரு நாடகம் எழுதியது உங்களிற் சிலருக்கு நினைவிருக்கலாம். எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் வேறு சிலருக்குக் கொட்டாங்கச்சியும் வைத்திருந்த காலத்தைப் பற்றியது அந்த நாடகம். என் தாத்தா சொல்லக் கேட்டு எழுதினேன். ஊரின் பெயரையும் அப்படியே வைத்திருந்தேன்.

ஒத்திகை தொடங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும். விழாச் செலவுக்குப் பணம் தர இசைந்திருந்த ஒருவர், ஊர்ப் பெயரும் சாதிப் பேச்சும் வேண்டாம், பண்டிகை நாளில் அவை எதற்கு என்று சொல்லியனுப்பினார். எனக்குச் சினம் பொங்கிற்று. ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன் என்று நாடகத்தையே திரும்ப வாங்கிக்கொண்டேன். அந்த நேரத்திற் கோலாட்டம் நடந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல் உண்டு கலைந்தார்கள். கொட்டாங்கச்சியைப் பற்றி அன்று ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. வென்றவன் போல் அறைக்குத் திரும்பிய நான், தோற்றவன் என்பது விளக்கை அணைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அடுத்த அறையில் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருந்தார். விடுதியில் எல்லாரும் அவரை அண்ணன் என்றே அழைப்போம். மறுநாள் இரவு அவர் என்னைக் கூப்பிட்டுத் தம் மடிக்கணினியில் ஒரு பழைய அமெரிக்க நாடகத்தைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் படம். அரை மணி நேரங்கூட ஓடவில்லை. கதை இதுதான்: அமைதியான ஒரு தெரு, கோடைக்கால மாலை, வானத்தில் ஏதோ ஒளி பாய்ந்து மறைகிறது. உடனே தெருவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. வண்டிகளும் ஓடவில்லை. ஒரு சிறுவன், வேற்றுலகத்தார் மனிதர் போல உருக்கொண்டு முன்னதாகவே வந்து தங்கியிருப்பார்கள் என்று தான் படித்த கதையைச் சொல்கிறான். அவ்வளவுதான். ஒருவன் வண்டி மட்டும் தானாக உறுமுகிறது. அவன்மேல் எல்லாருக்கும் ஐயம். இரவில் தூக்கமின்றி வானத்தைப் பார்ப்பவன்மேல் ஐயம். வானொலிக் கருவி செய்பவன்மேல் ஐயம். இருட்டில் நடந்து வந்த அண்டை வீட்டுக்காரனைச் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். நேற்றுவரை ஒன்றாக இருந்தவர்கள் கல்லெறிந்து ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். தொலைவில் குன்றின்மேல் இரண்டு வேற்றுலகத்தார் நின்று அதைப் பார்க்கிறார்கள். அவர்கள் செய்ததெல்லாம் விளக்கை அணைத்ததும் ஏற்றியதுந்தான்.

அண்ணன் ஒன்றும் விளக்கவில்லை. இதை எழுதியவர் ராட் செர்லிங், அவர் வாழ்க்கையைப் படித்துப் பார் என்று மட்டும் சொன்னார். கோடை விடுமுறை முழுவதும் படித்தேன். படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

செர்லிங் 1924ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், சிரக்யூஸ் நகரத்தில் பிறந்தார். யூதக் குடும்பம். வளர்ந்தது பிங்ஹாம்டன் என்ற சிறிய ஊரில். தந்தை கடை வைத்திருந்தார். மூத்தவர் ஒருவர், இளையவர் இவர். அந்த ஊரின் பூங்காவில் மரக்குதிரைகள் சுற்றும் இராட்டினம் ஒன்று உண்டு. அந்த இராட்டினத்தை அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. பின்னாளில் பெரிய நகரத்தில் பேரும் பணமும் பெற்ற பிறகு, ஓய்ந்துபோன ஒருவன் தான் பிறந்த ஊருக்கு நடந்தே போய்த் தன் இளமைக் காலத்திற்குள் நுழைந்துவிடுவதாக ஒரு கதை எழுதினார். அங்கே தன்னையே சிறுவனாகக் காண்கிறான் அவன். ஆயினும் தங்கியிருக்க முடியவில்லை. தந்தையே அவனைத் திருப்பியனுப்பிவிடுகிறார். வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி விடுதியில் இருக்கும் நமக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1943இல் பள்ளிப் படிப்பு முடிந்ததும் படையிற் சேர்ந்தார். ஐந்தடி நாலங்குல உயரந்தான்; ஆனாலும் பாராசூட் படையில் இடம் பிடித்தார். ஹிட்லரை எதிர்த்துப் போரிட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். படையோ அவரைப் பசிபிக் பகுதிக்கு அனுப்பிற்று. 1944இன் இறுதியில் பிலிப்பைன்ஸ் நாட்டின் லெய்ட்டே தீவில் இறங்கினார். 1945இல் மணிலாப் போரிலும் இருந்தார். வெடி வைத்துத் தகர்க்கும் பிரிவில் வேலை. லெய்ட்டேயில் ஒருநாள், பசித்திருந்த வீரர்களுக்காக விமானத்திலிருந்து உணவுப் பெட்டிகளைப் போட்டார்கள். அவற்றுள் ஒன்று செர்லிங்கின் நண்பர்மேல் விழுந்தது. அவர் கண்ணெதிரிலேயே நண்பர் இறந்தார். பகைவன் குண்டுக்குத் தப்பியவன் சோற்றுப் பெட்டி விழுந்து சாவதா என்ற கேள்வி அந்த இளைஞர் மனத்தில் ஆழமாகத் தைத்துவிட்டது. வாழ்க்கை எந்த நொடியிலும் தலைகீழாகும் என்பதை அவர் பின்னர் எழுதிய கதைகளிலெல்லாம் காண்கிறோம்.

முழங்காலில் காயமும், மார்பிற் பதக்கங்களும், இரவுகளிற் கெட்ட கனவுகளும் பெற்றுக்கொண்டு அவர் நாடு திரும்பினார். அதற்குள் 1945இல் தந்தை மாரடைப்பால் இறந்துபோனார். இறுதிச் சடங்கிற்குப் போகவும் விடுப்புக் கிடைக்கவில்லை.

போர்வீரர்களுக்கு அரசு கொடுத்த கல்வியுதவியைக் கொண்டு ஒஹையோ மாநிலத்தின் ஆன்டியாக் கல்லூரியிற் சேர்ந்தார். உள்ளே குமுறிக்கொண்டிருந்ததை வெளியே கொட்ட வேண்டியிருந்தது. அதற்காகவே எழுதத் தொடங்கினார். கல்லூரி வானொலிக்கு நாடகங்கள் எழுதினார். கைச்செலவுக்காகப் படையினருக்குப் புதுப் பாராசூட்டுகளைச் சோதித்துக் கொடுத்தார். அதாவது, அவை விரியுமா என்று குதித்துப் பார்க்கும் வேலை! அங்கேயே கரோல் என்ற மாணவியைக் கண்டு 1948இல் மணந்தார். 1950இல் பட்டம் பெற்றுச் சின்சினாட்டி நகரத்து வானொலி நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பகலெல்லாம் நிலையத்துக்காக எழுதுவார். இரவில் உணவு மேசையில் தமக்காக எழுதுவார். அனுப்பியவை பலவும் திரும்பி வந்தன.

1955ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அவருடைய வாழ்வு மாறிற்று. பெரிய வாணிக நிறுவனம் ஒன்றில், வயது முதிர்ந்த அதிகாரியை அவமானப்படுத்தியே வெளியேற்றும் கொடுமையைப் பற்றிய அவருடைய நாடகம் அன்று ஒளிபரப்பாயிற்று. அக்காலத்தில் நாடகங்களை நேரடியாகவே நடித்து ஒளிபரப்புவார்கள். காற்றோடு போனால் போனதுதான். ஆனால் மக்கள் காட்டிய ஆர்வத்தைக் கண்டு, அதே நடிகர்களைத் திரும்ப அழைத்து, பிப்ரவரி 9ஆம் நாள் முழு நாடகத்தையும் மறுபடி நடித்துக் காட்டினார்கள். செர்லிங்குக்கு எம்மி விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில், ஆட்டம் முடிந்துபோன ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றிய நாடகம் இன்னோர் எம்மியைக் கொண்டுவந்தது.

இனிமேல்தான் நம் கதைக்கு வருகிறேன்.

அந்நாளைய அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு பெரிய வாணிக நிறுவனம் பணம் கொடுக்கும். பணம் கொடுப்பவர் கதையையும் முன்கூட்டியே படித்துப் பார்ப்பார். தம் சரக்கை வாங்கும் எவர் மனமும் கோணக்கூடாது என்பது ஒன்றே அவர் இலக்கண நூல். 1959இல் நாசிகளின் குற்ற விசாரணையைப் பற்றி வேறொருவர் எழுதிய நாடகத்தில், நச்சு வாயுவால் மக்களைக் கொன்றதைச் சொல்லும் இடங்களில் வாயு என்ற சொல்லையே ஒலியிழக்கச் செய்தார்கள். பணம் கொடுத்தவர்கள் சமையல் வாயு விற்பவர்கள் என்பதே காரணம்!

1955ஆம் ஆண்டு ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலத்தில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அடித்துக் கொன்று ஆற்றில் எறிந்தார்கள். குற்றஞ்சாட்டப்பட்ட வெள்ளையர் இருவரையும் வெள்ளையரே நிறைந்த நடுவர் குழு விடுவித்தது. சில மாதங்கள் கழித்து, கொன்றது தாங்களே என்று அவ்விருவரும் ஒரு பத்திரிகைக்குக் காசு வாங்கிக்கொண்டு சொன்னார்கள். செர்லிங் கொதித்தார். நாடகம் எழுதினார். அது டில் கதை என்ற செய்தி பரவியதும் தென்மாநிலங்களின் வெள்ளையர் சங்கங்களிலிருந்து மிரட்டற் கடிதங்கள் வந்து குவிந்தன. பணம் கொடுத்த எஃகு நிறுவனம் அஞ்சியது. தெற்கு என்ற நினைவே எழாதபடி கதையை வடகிழக்கிற்கு மாற்றினார்கள். இறந்தவன் கறுப்பன் அல்லன், யாரோ அயல்நாட்டான் ஆனான். தெற்கத்தியார் விரும்பிக் குடிக்கும் பானம் என்று கொக்கோ கோலாப் புட்டியைக்கூட மேடையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். 1956 ஏப்ரலில் அது ஒளிபரப்பானபோது உயிர் போன உடலாகத்தான் இருந்தது.

அவர் விடவில்லை. 1958இல் அதே கருவை மறுபடி எழுதினார். இந்த முறை கதை 1870ஆம் ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் போயிற்று. சிறுவன் மெக்சிகோக்காரன் ஆனான். இடையில் அமெரிக்கச் செனட் சபையைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். அதில் வரும் செனட்டர்கள் அன்றைய அரசியல் எதையும் பேசக்கூடாது என்றார்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்றே தெரியாமல் பெரியவர்கள் கத்திக்கொண்டிருக்கும் காட்சியாயிற்று அது. அப்போதுதான் அவருக்கு ஓர் எண்ணம் பிறந்தது. இதையே நூறாண்டு கழித்து நடப்பதாக வைத்து, செனட்டர்களை இயந்திர மனிதர்களாக்கி எழுதியிருந்தால் ஒருவரும் தடுத்திருக்கமாட்டார்களே!

இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததே ட்விலைட் ஸோன் என்ற தொடர். அந்தி மண்டலம் என்று நாம் சொல்லலாம். பகலும் இரவும் அல்லாத இடம். முதலில், பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு முந்திய நாளில் கனவின் வழியே போய் விழும் ஒருவனைப் பற்றி அவர் எழுதிய நாடகத்தைச் சி.பி.எஸ். நிறுவனம் வாங்கி அலமாரியிற் பூட்டி வைத்திருந்தது. வேறொரு தொடரின் தயாரிப்பாளர் அதைத் தேடியெடுத்து 1958 நவம்பர் 24ஆம் நாள் ஒளிபரப்பினார். பாராட்டுக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. பூட்டி வைத்தவர்கள் கதவைத் திறந்தார்கள். தொடருக்கென்று அவர் கொடுத்த முதற்கதை மிகவும் இருண்டது என்று தள்ளப்பட்டது. இரண்டாவது கதை, ஓர் ஊரில் ஒருவருமே இல்லாமல் தனியாகத் திரியும் மனிதனைப் பற்றியது. 1959 அக்டோபர் 2ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு அதுவே முதல் நாடகமாக வந்தது.

தொடரைத் தயாரிக்கச் செர்லிங் தாமே ஒரு நிறுவனம் தொடங்கி, தம் குடும்பம் கோடையிற் போய்த் தங்கும் கயூகா ஏரியின் பெயரை அதற்கு இட்டார். பக் ஹௌட்டன் தயாரிப்பாளர். படப்பிடிப்பு எம்.ஜி.எம். படநிலையத்தில். ஒருநாள் ஒத்திகை, மூன்று நாள் படப்பிடிப்பு. அதற்குள் ஒரு நாடகம் முடிய வேண்டும். பெரிய படங்களுக்காகப் போட்டு வைத்திருந்த தெருக்களும் மாளிகைகளும் இவர்களுக்குக் கைகொடுத்தன. 1956இல் வந்த ஒரு விண்வெளிப் படத்தின் பறக்கும் தட்டும் உடைகளும் பல கதைகளிற் பயன்பட்டன. செர்லிங் கதைகளைப் பேசியே ஒலிப்பதிவுக் கருவியில் பதிவார். செயலர் தட்டச்சுச் செய்வார். ரிச்சர்ட் மாதிசன், சார்லஸ் போமான்ட் போன்றோரும் எழுதினார்கள். எனினும் மொத்தம் 156 நாடகங்களில் 92 செர்லிங் எழுதியவை. இரண்டாம் ஆண்டிலிருந்து அவரே கதைக்குள் வந்து நின்று முன்னுரை சொல்லத் தொடங்கினார். கறுப்புச் சட்டையும் இறுகிய உதடுமாய் நின்ற அந்தக் குள்ளமான மனிதரை நாடே அறிந்துகொண்டது.

அமைதியாக ஓடிய தொடர் அன்று அது. செலவு மிகுதி என்று இரண்டாம் ஆண்டில் ஆறு நாடகங்களை வீடியோ நாடாவில் எடுக்கச் செய்தார்கள். வெளிப்புறக் காட்சிக்கு அது ஒவ்வாததால் கைவிட்டார்கள். மூன்றாம் ஆண்டு முடிந்தபோது பணம் கொடுப்பவர் உரிய நேரத்திற் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் வேறு நகைச்சுவைத் தொடர் வந்து அமர்ந்தது. 1963 ஜனவரியில் திரும்பி வந்தபோது ஒரு மணி நேர நாடகமாக நீட்டினார்கள். நீட்டியதாற் கூர் மழுங்கிற்று. 18 நாடகங்களோடு அந்த முறையை விட்டு மறுபடி அரை மணிக்கு வந்தார்கள். 1964 ஜூன் 19ஆம் நாள் கடைசிப் புதுநாடகம் ஒளிபரப்பாயிற்று.

அந்த ஐந்தாண்டில் அவர் சொல்லாதது என்ன! அழகற்றவள் என்று முகத்தை மாற்றச் சிகிச்சை பெறுகிறாள் ஒருத்தி. கட்டைப் பிரித்தால் நம் கண்ணுக்கு அவள் பேரழகி. மருத்துவர்களின் முகங்கள்தான் கோரம். எல்லாரும் ஒரே முகம் கொள்ள வேண்டும் என்று திரையில் முழங்குகிறான் அந்நாட்டுத் தலைவன். டாக்கவ் வதைமுகாமுக்குத் திரும்பி வரும் நாசித் தளபதியை இறந்தவர்கள் எழுந்து விசாரிக்கிறார்கள். ஜப்பானியரைக் கொல்லத் துடிக்கும் அமெரிக்க அதிகாரி, கண்மூடித் திறப்பதற்குள் ஜப்பானியப் படைவீரனாக மாறி நிற்கிறான். கறுப்பின நடிகர்களே பெரும்பாலும் நடித்த ஒரு நாடகத்தை 1960இலேயே ஒளிபரப்பினார். செவ்வாய்க் கிரகத்துக் கதை என்று எண்ணிய விளம்பரதாரர்கள் ஒப்பமிட்டுவிட்டார்கள்.

ஆனால் இதைப் படிக்கும்போது என் மனத்தில் ஒரு முள் நெருடிக்கொண்டே இருந்தது. டில் என்ற சிறுவன் எங்கே போனான்? அவன் கதை செர்லிங்கின் கையால் அவன் பெயரிலேயே மேடையேறவில்லை. முகமூடி அணிந்தவர் பேசிவிட்டார். பேசப்பட வேண்டியவனின் முகமோ மறைந்துபோயிற்று. 1959இல் தொடர் தொடங்குமுன் ஒரு நேர்காணலில், இனி விளம்பரதாரரோடு சண்டையிடப் போவதில்லை என்பது போலச் செர்லிங் பேசினார். அது தந்திரமா, களைப்பா? இரண்டும் என்றே நான் எண்ணுகிறேன்.

அவருக்கும் இந்த முள் நெருடியிருக்க வேண்டும். கென்னடி கொல்லப்பட்ட சில மாதங்களில், 1964 மார்ச் 27ஆம் நாள் வந்த ஒரு நாடகத்தில், ஒருவனைத் தூக்கிலிடும் நாளன்று அந்த ஊரில் மட்டும் சூரியன் உதிக்கவில்லை. வெறுப்பே இருளாகக் கவிந்திருக்கிறது. முடிவில், இருள் சூழ்ந்த மற்ற ஊர்களை வானொலி அறிவிக்கிறது. டல்லாஸில் ஒரு தெரு, அலபாமாவின் பர்மிங்ஹாம், பெர்லின் சுவர். செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. முகமூடியைக் கையிற் கழற்றி வைத்துக்கொண்டே பேசிவிட்டார்.

பிற்காலம் அவருக்கு இனிமையாக இல்லை. தொடரில் தமக்கிருந்த பங்கைச் சி.பி.எஸ். நிறுவனத்துக்கே விற்றுவிட்டார். அது பிற்காலத்தில் எத்தனை முறை மறு ஒளிபரப்பாகும் என்பதை அவர் அறியவில்லை. 1968இல் வந்த மனிதக் குரங்குகளின் கிரகம் என்ற படத்தின் திரைக்கதையை எழுதியவர்களுள் ஒருவர் அவர். 1970இல் தொடங்கிய மற்றொரு தொடரில் அவர் முகம் இருந்தது, அதிகாரம் இல்லை. விளம்பரதாரரோடு மல்லுக்கு நின்றவர் விளம்பரங்களுக்கே குரல் கொடுக்கவும் நேர்ந்தது. ஆனால் இதாகா கல்லூரியில் 1967 முதல் இளைஞர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். இடைவிடாது சிகரெட்டுப் புகைப்பார், உடல் தாங்கவில்லை. 1975 மேயில் மாரடைப்பு. ஜூன் 28ஆம் நாள், இருதய அறுவைக்குப் பிறகு ராச்செஸ்டர் மருத்துவமனையில் இறந்தார். வயது 50தான். அவர் தந்தையைக் கொண்டுபோன நோயே அவரையும் கொண்டுபோயிற்று. அவர் படைத்த தொடரை 1985, 2002, 2019 ஆகிய ஆண்டுகளில் புதிதாக எடுத்துப் பார்த்தார்கள். எனினும் மக்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத்தான்.

நண்பர்களே, விடுமுறை முடிந்து திரும்பியபின் என் நாடகத்தை எடுத்து மறுபடி எழுதினேன். இப்போது அது தண்ணீர் வற்றிப்போன ஒரு கிரகத்தில் நடக்கிறது. அங்கே ஒரே ஊற்று. இரண்டு வகைக் குவளைகள். ஊர்ப் பெயர் இல்லை, சாதிப் பெயர் இல்லை. யாருக்கு எந்தக் குவளை என்பது புரியாமல் போகும் தமிழர் யாரும் நம் விடுதியில் இல்லை என்று நம்புகிறேன். இந்த ஆண்டுப் பொங்கல் விழாவிற்கு அதைக் கொடுத்திருக்கிறேன். பணம் கொடுப்பவர் படித்துப் பார்த்து, விண்வெளிக் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மகிழ்ந்தாராம்.

பழைய நாடகத்தை நான் கிழித்துப் போடவில்லை. தாத்தாவின் கையில் இருந்த கொட்டாங்கச்சி, ஏதோ ஒரு கிரகத்தின் கொட்டாங்கச்சி அன்று. அது எங்கள் ஊரில், அந்தக் கடைக் கூரையிற் செருகியிருந்தது. அதனால் ஊர்ப் பெயரோடு, ஒரு சொல்லும் மாற்றாமல், அந்த நாடகத்தை இந்த மலரின் அடுத்த இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். மேடைக்கு ஒன்று, ஏட்டுக்கு ஒன்று. வெளியிடுவதும் விடுவதும் ஆசிரியர் குழுவின் பொறுப்பு. வெளியானால், விழாவில் சிரித்துப் பார்த்த நீங்கள் அதையும் ஒருமுறை படியுங்கள்.